ஒரு வெள்ளிக்கிழமையின் விலை: டென்மார்க் ராணுவ பட்ஜெட்டின் கதை

2023 பிப்ரவரி 28 அன்று டென்மார்க் நாடாளுமன்றம் ஒரு விசித்திரமான சட்டத்தை நிறைவேற்றியது. ஆதரவு 95, எதிர்ப்பு 68. சட்டம் இதுதான்: "பெரிய பிரார்த்தனை தினம்" இனி அரசு விடுமுறை கிடையாது. அடுத்த வருஷத்திலிருந்து அன்றைக்கு எல்லாரும் வேலைக்கு வரணும்.

ஈஸ்டர் முடிந்து நான்காவது வெள்ளிக்கிழமை வரும் இந்த விடுமுறை 1686ஆம் ஆண்டிலிருந்து இருந்து வந்தது. அன்று பேக்கரிக்காரரும் வேலை செய்யக் கூடாது என்பதால் முதல் நாளே கோதுமை பன் சுட்டு வைத்துவிடுவார்கள். வியாழன் சாயங்காலம் அதைச் சூடாக்கி வெண்ணெய் தடவிச் சாப்பிடுவது வழக்கம். சர்ச்சுக்குப் போகாதவர்கூட அந்த பன்னை விடமாட்டார்.

337 வருஷப் பழக்கத்தில் கைவைத்த அரசு சொன்ன காரணம் ராணுவம். ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்துவிட்டது, நம் ராணுவச் செலவை 2030க்குள் ஜிடிபியில் 2 சதவீதமாக்கணும், அதற்குப் பணம் வேணும், எல்லாரும் ஒரு நாள் கூடுதலாக வேலை செய்தால் வரி கூடும். கணக்கு சிம்பிள். ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே சுமார் 50,000 பேர் நாடாளுமன்றத்தின் முன்னால் கூடிக் கத்திவிட்டார்கள். பிஷப்புகளும் எதிர்ப்பு, தொழிற்சங்கங்களும் எதிர்ப்பு. அபூர்வமான கூட்டணி!

சைக்கிள், லெகோ, இலவச மருத்துவம், "உலகின் சந்தோஷமான நாடுகள்" பட்டியல் என்று நாம் கேள்விப்படும் நாடு இது. மக்கள்தொகை சுமார் 60 லட்சம். இவர்களுக்கு ஏன் இந்த நிலைமை? கேஸ் ஷீட்டைக் கொஞ்சம் பின்னால் புரட்டுவோம். நீளமான த்ரெட்தான், பொறுமையாக வாசிங்க.

முதலில், டென்மார்க் எப்போதும் சின்ன நாடாக இருந்ததில்லை. ஒரு காலத்தில் நார்வே, ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, இன்றைய வட ஜெர்மனியின் ஒரு பகுதி எல்லாம் கோபன்ஹேகன் ராஜாவின் கையில். நம்ம தரங்கம்பாடியும்தான். அங்கே கடற்கரையில் நிற்கும் டேனிஷ் கோட்டை 1620இல் தொடங்கியது. இவ்வளவு தூரம் வந்து கோட்டை கட்டினார்கள் என்றால் பின்னால் ஒரு பெரிய கப்பற்படை இருந்தது என்று அர்த்தம்.

அந்தக் கப்பற்படைதான் அவர்களுக்கு எமன் ஆனது. 1807இல் டென்மார்க் நடுநிலை நாடு. பிரிட்டனோடும் சண்டை இல்லை, நெப்போலியனோடும் சண்டை இல்லை. ஆனால் நெப்போலியன் அந்தக் கப்பல்களைப் பறித்துக்கொள்வான் என்று பிரிட்டனுக்குப் பயம். அதனால் பிரிட்டனே முந்திக்கொண்டது. செப்டம்பரில் மூன்று ராத்திரி கோபன்ஹேகன் நகரத்தின் மேல் குண்டுமழை. வீடுகள் எரிந்தன, பொதுமக்கள் செத்தார்கள். கடைசியில் கப்பற்படை முழுவதையும் பிரிட்டன் ஓட்டிக்கொண்டு போனது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. கப்பற்படை இல்லாமல் இருந்திருந்தால் யாரும் திருட வந்திருக்க மாட்டார்கள். இன்னும் பெரிதாக இருந்திருந்தால் திருட முடிந்திருக்காது. நடுவில் மாட்டிக்கொண்டார்கள். சின்ன நாடுகளின் ராணுவ பட்ஜெட் விவாதம் முழுக்க இந்த நடு இடத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது.

அதற்கப்புறம் சரிவுதான். 1813இல் அரசு திவால். 1814இல் நார்வே போனது. 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயக் கம்பெனிக்கே விற்றுவிட்டார்கள்.

1864இல் அடுத்த அடி. ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் என்ற தெற்குப் பகுதிகள் யாருக்கு என்று பிரஷ்யா, ஆஸ்திரியா இரண்டு நாடுகளோடும் போர். டேனிஷ் வீரர்கள் கையில் குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு இடிக்கும் பழைய துப்பாக்கி. பிரஷ்யர்கள் கையில் பின்பக்கம் குண்டு போடும் புது மாடல். தரையில் படுத்துக்கொண்டே சுடலாம். ஏப்ரல் 18 அன்று டிப்பல் என்ற இடத்தில் டேனிஷ் அரண்கள் விழுந்தன. போர் முடிந்தபோது நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு கையைவிட்டுப் போயிருந்தது.

இப்படித் தோற்ற நாடு அடுத்து என்ன செய்யும்? ராணுவத்துக்குப் பணத்தைக் கொட்டும் என்றுதானே நினைப்போம்? பாதி டென்மார்க் அப்படித்தான் நினைத்தது. மறுபாதி, "இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்டது. பக்கத்தில் ஜெர்மனி என்ற மலை எழுந்து நிற்கிறது. நாம் எவ்வளவு செலவழித்தாலும் அதைத் தடுக்க முடியாது. அப்புறம் எதற்கு வீண் செலவு? விக்கோ ஹோரப் என்ற அரசியல்வாதியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட கேள்வி இது. அவர் 1884இல் பொலிடிகென் என்ற பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

எதிர் அணியில் பிரதமர் எஸ்ட்ரப். 1875இல் இருந்து 1894 வரை பதவியில் இருந்த பிடிவாதக்காரர். தலைநகரைச் சுற்றிக் கோட்டை கட்டியே தீருவேன் என்றார். கீழ்சபையில் பெரும்பான்மை எதிர்க்கட்சிக்கு. அவர்கள் பட்ஜெட்டை நிறைவேற்ற மாட்டேன் என்றார்கள். எஸ்ட்ரப் என்ன செய்தார்? சபையை ஒத்திவைத்துவிட்டு, ராஜாவின் கையெழுத்தோடு "தற்காலிக" நிதிச்சட்டம் போட்டார். அதுவும் 1885இல் இருந்து வருஷா வருஷம்! விவசாயிகள் சிலர் வரி கட்ட மறுத்தார்கள். இன்னொரு பக்கம் கோட்டை வேணும் என்ற கூட்டம் தன் சொந்தப் பணத்தை வசூல் பண்ணி ஒரு கோட்டையையே கட்டிக் கொடுத்தது. 1885 அக்டோபரில் ஒரு இளைஞன் எஸ்ட்ரப்பைத் துப்பாக்கியால் சுட்டான். குண்டு கோட்டுப் பொத்தானில் பட்டதால் பிழைத்தார்.

ராணுவ பட்ஜெட்டுக்காக ஒரு ஜனநாயகம் பத்து வருஷம் முடங்கிக் கிடந்த கதை இது. அப்படிக் கட்டிய மேற்கு மதிலை 1920இல் ராணுவமே கைவிட்டது. இன்று அது மரங்கள் சூழ்ந்த பூங்கா. ஜனங்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். எஸ்ட்ரப் காலத்தில் கடலுக்குள் கட்டிய மிடில்கிரண்ட் கோட்டையை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. மறுபடி வரும்.

முதல் உலகப் போரில் டென்மார்க் நடுநிலை. அப்போதைய ராணுவ அமைச்சர் பீட்டர் முங்க், ராணுவமே வேண்டாம் என்ற கொள்கை உள்ள கட்சியைச் சேர்ந்தவர். சைவக்காரரைக் கசாப்புக் கடைக்கு மேனேஜர் ஆக்கின மாதிரி. ஆனாலும் போர் வந்ததும் 50,000க்கும் மேற்பட்ட ஆட்களைத் திரட்டினார்கள். ஜெர்மனி கேட்டதற்காகத் தங்கள் கடல்வழியில் தாங்களே கண்ணிவெடி மிதக்கவிட்டார்கள். தப்பித்தார்கள். அதைவிடப் பெரிய அதிசயம், தோற்ற ஜெர்மனியிடமிருந்து 1920இல் வட ஷ்லெஸ்விக் வாக்கெடுப்பு மூலம் திரும்ப வந்தது. 1864இல் அவ்வளவு ரத்தம் சிந்தியும் காப்பாற்ற முடியாததை ஒரு குண்டுகூடச் சுடாமல் வாங்கிவிட்டார்கள்.

இந்த அனுபவத்துக்கு அப்புறம் ராணுவத்துக்குப் பணம் வேணும் என்று யார் வாதாட முடியும் சொல்லுங்க?

1922, 1932 இரண்டு சட்டங்களிலும் ராணுவம் சுருங்கியது. நியாயமும் இருந்தது. 1932இல் காப்பீடு உள்ள தொழிலாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை. 1933 ஜனவரி 30 அன்று பிரதமர் ஸ்டௌனிங் தன் வீட்டில் கட்சித் தலைவர்களை உட்காரவைத்து ஒரு ஒப்பந்தம் போட்டார். டென்மார்க்கின் சமூகநலத் திட்டங்களுக்கு அடித்தளம் அதுதான். ஏழை நோயாளிக்கு மருத்துவம் தர்மம் இல்லை, உரிமை என்று மாறிய கட்டம். ஒரு டாக்டராக எனக்கு அந்தத் தேதி முக்கியம். ஆனால் அதே நாள், அதே ஜனவரி 30 அன்றுதான் பெர்லினில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான்.

1939இல் ஹிட்லரோடு ஒருவரை ஒருவர் தாக்குவதில்லை என்று ஒப்பந்தம். கையெழுத்துப் போட்ட அரசின் வெளியுறவு அமைச்சர் அதே பீட்டர் முங்க்.

1940 ஏப்ரல் 9, விடிகாலை நாலேகால் மணி. ஜெர்மன் படைகள் எல்லை தாண்டின. படைகளை ஏற்றிய ஒரு ஜெர்மன் கப்பல் நேராகக் கோபன்ஹேகன் துறைமுகத்துக்குள் நுழைந்தது. வழியில்தான் மிடில்கிரண்ட் கோட்டை. அங்கிருந்து ஒரு குண்டும் வெடிக்கவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் நாடு சரணடைந்துவிட்டது. இறந்த டேனிஷ் ராணுவ வீரர்கள் 16 பேர்.

"கோழைகள்" என்று எழுதிவிட்டுப் போவது ஈஸி. ஆனால் கோபன்ஹேகன் தரைமட்டமாகவில்லை. அரசு இயந்திரம் உயிரோடு இருந்தது. 1943 அக்டோபரில் யூதர்களைப் பிடிக்க நாஜிகள் கிளம்பியபோது, மீனவர்கள், ஆசிரியர்கள், டாக்டர்கள், நர்ஸ்கள் சேர்ந்து 7,000க்கும் அதிகமானவர்களைப் படகில் ஸ்வீடனுக்குக் கடத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரிகளில் பொய்ப் பெயரில் அட்மிஷன் போட்டு ஒளித்து வைத்தார்கள். முதல் நாளிலேயே முழுப் போர் நடந்திருந்தால் இது சாத்தியமாகியிருக்குமா? இன்றைக்கும் டேனிஷ்காரர்கள் இதைச் சண்டை போட்டுக்கொண்டே பேசுகிறார்கள். 2003இல் பிரதமர் ஆண்டர்ஸ் ஃபோக் ராஸ்முசன், நாஜிகளோடு ஒத்துப்போனது தார்மீகத் தோல்வி என்று வெளிப்படையாக விமர்சித்தார்.

போர் முடிந்ததும் "இன்னொரு ஏப்ரல் 9 வேண்டாம்" என்பது கோஷம் ஆனது. 1949இல் நேட்டோவைத் தொடங்கிய 12 நாடுகளில் டென்மார்க்கும் ஒன்று.

இனி கொஞ்சம் நம்பர். ஜிடிபி சதவீதம் என்றால் பயப்பட வேண்டாம். நாடு ஒரு வருஷத்தில் உற்பத்தி செய்யும் மதிப்பு 100 ரூபாய் என்றால், அதில் ராணுவத்துக்கு எத்தனை ரூபாய் என்பதுதான். 1950களில் டென்மார்க் 3 ரூபாய் அளவில் செலவழித்தது. 1990இல் 2 ரூபாய். 2015இல் 1 ரூபாய் 10 பைசா. 2025இல் மறுபடி 3 ரூபாய்க்கு மேல். ஒரு டெம்பரேச்சர் சார்ட் மாதிரி ஏறி, இறங்கி, திடீரென்று ஏறுகிறது.

இறங்கிய கதையில் ஒரு காமெடி உண்டு. மோகன்ஸ் கிலிஸ்ட்ரப் என்ற வரி வக்கீல் 1972இல் ஒரு கட்சி ஆரம்பித்தார். ராணுவத்தையே கலைத்துவிட்டு, ஒரு ஆன்சரிங் மெஷின் வைத்துவிடலாம், யாராவது படையெடுத்து வந்தால் "நாங்கள் சரணடைகிறோம்" என்று ரஷ்ய மொழியில் சொல்லட்டும் என்றார். சிரிக்காதீங்க. அடுத்த வருஷத் தேர்தலில் அவர் கட்சி 28 இடம் பிடித்து நாட்டின் இரண்டாவது பெரிய கட்சி ஆனது. வரி வெறுப்புதான் முக்கியக் காரணம். ஆனாலும் ஹோரப்பின் பழைய கேள்வி அந்த மெஷினுக்குள் இருந்து ஒலிப்பது கேட்கிறதா?

குறைவாகச் செலவழிக்கும் உறுப்பினரை அமெரிக்கா ஏன் பெரிதாகத் திட்டவில்லை? பதில்: கிரீன்லாந்து. அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில், வடதுருவப் பாதையில் கிடக்கும் பனித்தீவு. 1951 ஒப்பந்தப்படி அங்கே அமெரிக்கா தளம் அமைத்துக்கொள்ளலாம். டென்மார்க் நேட்டோவுக்குக் கட்டிய சந்தாவின் ஒரு பகுதி பணமாகப் போகவில்லை, நிலமாகப் போனது என்றே சொல்லலாம். வரலாற்று ஆசிரியர்கள் இதைக் "கிரீன்லாந்து சீட்டு" என்கிறார்கள்.

அந்த நிலத்தில் ஆட்கள் இருந்தார்கள். 1953இல் தூலே தளத்துக்காக இனுகுய்ட் குடும்பங்கள் சில நாள் அவகாசத்தில் தங்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1957இல் எங்கள் மண்ணில் அணு ஆயுதம் கூடாது என்று டென்மார்க் வெளியே அறிவித்தது. அதே வருஷம் பிரதமர் ஹான்சன், கிரீன்லாந்தில் அமெரிக்கா வைத்துக்கொண்டால் நாங்கள் கேட்க மாட்டோம் என்ற பொருளில் ரகசியமாக எழுதிக் கொடுத்தார். அது வெளியே வந்தது 1995இல். இடையில் 1968இல் நான்கு ஹைட்ரஜன் குண்டுகளோடு ஒரு பி-52 விமானம் தூலே அருகே பனியில் விழுந்து நொறுங்கியது. புளூட்டோனியம் கலந்த பனியை அள்ளியவர்களில் டேனிஷ் தொழிலாளர்களும் உண்டு. அவர்கள் பல வருஷம் உடல்நலப் புகார்களோடு போராடினார்கள். அரசு நிவாரணம் கொடுத்ததும் 1995இல்தான்.

பட்ஜெட்டில் 2 சதவீதம் என்று அழகாகத் தெரிந்த நாட்களில், மிச்சப் பில்லைக் கட்டியவர்கள் இவர்கள். பட்ஜெட் புத்தகத்தில் இவர்களுக்குப் பத்தி கிடையாது.

சோவியத் யூனியன் உடைந்ததும் எல்லா ஐரோப்பிய நாடுகளையும் போல டென்மார்க்கும் மூச்சு விட்டது. எதிரியே இல்லை, அப்புறம் எதற்கு நாட்டைக் காக்கும் படை? தூர தேசத்துக்கு அனுப்பச் சின்னதாக ஒரு நல்ல படை போதும் என்றார்கள். 2003 ஈராக் போருக்கு ஒரு நீர்மூழ்கியை அனுப்பினார்கள். அடுத்த வருஷமே நீர்மூழ்கிப் படையைக் கலைத்துவிட்டார்கள்! அதே 2004 ஒப்பந்தத்தில் தரையிலிருந்து விமானங்களைச் சுடும் ஏவுகணைகளுக்கும் மூடுவிழா. ஆப்கானிஸ்தானில் 40க்கும் மேற்பட்ட டேனிஷ் வீரர்கள் இறந்தார்கள். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் மிக அதிகம் இழந்த நாடுகளில் ஒன்று. ஆக, தைரியம் இல்லாத நாடு என்று சொல்ல முடியாது. சொந்த வீட்டுக்குப் பூட்டு வேண்டாம் என்று நினைத்த நாடு, அவ்வளவுதான்.

இங்கே நம்ம துறையிலிருந்து ஒரு உதாரணம். கால் உடைந்து மாவுக்கட்டுப் போட்டால் சில நாட்களிலேயே தொடைத் தசை கரைய ஆரம்பிக்கும். கட்டைப் பிரித்த நாளில் எலும்பு சேர்ந்திருக்கும். ஆனால் தசை திரும்ப மாதக்கணக்கில் பிசியோதெரபி வேணும். ராணுவமும் அப்படித்தான். நீர்மூழ்கியை விற்க ஒரு கையெழுத்து போதும். நீர்மூழ்கி ஓட்டத் தெரிந்த மாலுமி, ரிப்பேர் பார்க்கத் தெரிந்த மெக்கானிக், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சீனியர், இந்தச் சங்கிலி ஒருமுறை அறுந்தால் பணத்தைக் கொட்டினாலும் உடனே ஒட்டாது.

2024இல் இதை ஊரே பார்த்தது. மார்ச் மாதம் செங்கடலில் டேனிஷ் போர்க்கப்பல் இவர் ஹுட்ஃபெல்ட்டை நோக்கி ட்ரோன்கள் வந்தன. கப்பலின் ஏவுகணை அமைப்பு அரைமணி நேரம் வேலை செய்யவில்லை. பீரங்கிக் குண்டுகள் சில கப்பலுக்குப் பக்கத்திலேயே வெடித்தன. இந்தக் கோளாறு வருஷக்கணக்கில் தெரிந்ததுதான் என்று கப்பல் தளபதி எழுதியது வெளியே கசிந்தது. விஷயத்தை அமைச்சரிடம் சொல்லாத முப்படைத் தலைவர் ஏப்ரல் 3 அன்று நீக்கப்பட்டார். மறுநாளே இன்னொரு கூத்து! இன்னொரு போர்க்கப்பலில் சோதனையின்போது ஏவுகணையின் ஏவும் பகுதி ஆன் ஆகிவிட்டது, ஆஃப் பண்ண முடியவில்லை. எப்போது கிளம்புமோ என்று கிரேட் பெல்ட் நீரிணையின் ஒரு பகுதியில் கப்பல் போக்குவரத்தை நிறுத்தி வைத்தார்கள்.

இதற்கு நடுவில் தன்னிடம் இருந்ததையும் டென்மார்க் உக்ரைனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2023 ஜனவரியில் 19 சீசர் பீரங்கிகள், அதாவது ஆர்டர் பண்ணிய அத்தனையும். அப்புறம் எஃப்-16 விமானங்கள். தாங்கள் எதைத் தாமதமாகப் புரிந்துகொண்டோமோ அதற்கான பரிகாரம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் அந்த வெள்ளிக்கிழமையைப் பறித்தது சரியா? என் கருத்து, இல்லை. வேலை செய்ததால் வரும் என்று அரசு கணக்கிட்ட கூடுதல் வருமானம் வருஷத்துக்குச் சுமார் 300 கோடி குரோனர். டென்மார்க் கடனில் தவிக்கும் நாடு இல்லை. பட்ஜெட்டில் உபரி வைத்திருந்த நாடு. நாங்கள் தினமும் சர்க்கரை நோயாளிகளுக்கும் உடல் பருமனுக்கும் எழுதும் செமாக்ளுடைட் மருந்தை விற்கும் நோவோ நோர்டிஸ்க் டேனிஷ் கம்பெனிதான். 2023இல் அதன் சந்தை மதிப்பு டென்மார்க்கின் ஒரு வருஷ ஜிடிபியையே தாண்டியது. (உப தகவல்: ஊசி விற்பனையால் ஜிடிபி ஏறினால், அதில் 2 சதவீதம் என்ற ராணுவ இலக்கும் தானாக ஏறும்.) பணம் இருந்தது. அரசு மக்களுக்கு ஒரு வலியைக் காட்ட நினைத்தது, அதற்கு மிக மோசமான இடத்தைத் தேர்ந்தெடுத்தது.

இரண்டு வருஷம் கழித்து 2025 பிப்ரவரியில் பிரதமர் மெட்டே பிரெடரிக்சன் இரண்டு ஆண்டுகளுக்கு 5,000 கோடி குரோனர் கூடுதல் என்று அறிவித்தார். அந்த வெள்ளிக்கிழமை தரும் பணம் இதன் முன்னால் எம்மாத்திரம்? முப்படைத் தலைவருக்கு அவர் சொன்ன செய்தி மூன்றே வார்த்தை: வாங்கு, வாங்கு, வாங்கு.

எதைப் பார்த்து இந்த அவசரம்? கிழக்கே ரஷ்யா. மேற்கே, நம்ப முடிகிறதா, அமெரிக்கா. டிரம்ப் கிரீன்லாந்து எங்களுக்கு வேணும் என்றார். எந்தத் தீவைக் காட்டி எழுபது வருஷம் சந்தாவில் தள்ளுபடி வாங்கினார்களோ, அதே தீவுக்கு இப்போது பில் வந்திருக்கிறது. 2024 டிசம்பரில் அறிவித்த கிரீன்லாந்துப் பாதுகாப்புத் திட்டத்தில் புதுக் கப்பல்கள், ட்ரோன்களோடு இரண்டு நாய்வண்டி ரோந்துக் குழுக்களும் இருந்தன. டிரம்ப் கிண்டல் பண்ணினார். உண்மையில் அந்தப் பனியில் நாய்வண்டி நல்ல வாகனம்தான். ஆனால் கிண்டல் பண்ண இடம் கொடுத்தது இத்தனை வருஷ அலட்சியம்.

2025 ஜூலை 1 முதல் 18 வயதாகும் பெண்களும் ராணுவ லாட்டரியில் சீட்டு எடுக்க வேண்டும். பெரிய நம்பர் வந்தால் தப்பிக்கலாம். சின்ன நம்பர் வந்தால், தாமாக வருபவர் எண்ணிக்கை போதாத வருஷம், சேவைக்குப் போகணும். நாலு மாதமாக இருந்த அந்தச் சேவைக் காலமும் 11 மாதமாகிறது. செப்டம்பர் 12 அன்று வான் பாதுகாப்பு ஏவுகணைகளுக்குச் சுமார் 5,800 கோடி குரோனர் என்று அறிவித்தார்கள். அந்த நாட்டு வரலாற்றிலேயே பெரிய ஆயுதக் கொள்முதல். இருபது வருஷம் முன்னால் தேவையில்லை என்று மூடிய அதே பிரிவு. பத்தே நாளில், செப்டம்பர் 22 ராத்திரி, யாருடையது என்றே தெரியாத ட்ரோன்கள் பறந்ததால் கோபன்ஹேகன் விமான நிலையத்தைச் சில மணி நேரம் மூடினார்கள். ஆர்டர் போட்ட ஏவுகணை அப்போது இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை.

பின்லாந்து இதே பக்கத்து வீட்டுப் பிரச்சினையை முற்றிலும் வேறு மாதிரி கையாண்டது. அதை இன்னொரு த்ரெட்டில் எழுதுகிறேன்.